அணிலுக்கு மூன்று கோடா, ஐந்து கோடா? வியப்புச் செய்திகளும் அவற்றின் மெய்யும் (விவாத இழை)

முன்றில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கும் செய்திகள் நாள்தோறும் நம் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பாதியை வியந்து பிறருக்கு அனுப்புகிறோம்; மீதியைப் படிக்காமலேயே அனுப்புகிறோம். விலங்கு, வீட்டுப் பொருள், வழக்கம், கதைமாந்தர் என எதைப் பற்றிய செய்தியையும் இந்த இழையில் பகிரலாம். ஆனால் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் மெய் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை.

நானே தொடங்குகிறேன். சேது கட்டும்போது மணல் சுமந்து உதவிய அணிலை இராமபிரான் மூன்று விரல்களால் தடவிக் கொடுத்தார் என்றும், அதனால்தான் அதன் முதுகில் மூன்று கோடுகள் விழுந்தன என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வால்மீகி இராமாயணத்தில் இந்த நிகழ்ச்சி இல்லை. விலங்கியல் சொல்வதோ கதைக்குக் குறையாத சுவையுடையது. நம் மதில்மேல் ஓடும் தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடுகள்; விந்திய மலைக்கு வடக்கே ஊர்களில் திரியும் அணிலுக்கு ஐந்து கோடுகள். இரண்டும் நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள். தென்னாட்டு இனத்துக்கு 1766-இல் பெயரிட்ட லின்னேயஸ், பனைமரத்தோடு சேர்த்து அதற்கு 'பால்மாரம்' என்று பெயர் வைத்தார். இலங்கையில் நம் வீட்டுப்பக்கம் காண்கிற அதே மூன்று கோட்டு அணிலையே காணலாம். ஆக, சேது தொடங்கும் கரையிலும் முடியும் கரையிலும் மூன்று கோடு. இராமன் பிறந்த அயோத்தியில் ஐந்து கோடு.

ஏட்டுச்சுவடி

நல்ல தொடக்கம். வால்மீகியில் இல்லாத அணில் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே வந்துவிட்டது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையின் 27-ஆம் பாசுரத்தில், "குரங்குகள் மலையை நூக்கக் குளித்துத் தாம் புரண்டிட்டு ஓடித் தரங்கநீர் அடைக்கல் உற்ற சலமிலா அணிலும் போலேன்" என்று பாடுகிறார். நீரில் முங்கி, மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டிய மணலைக் கடலில் உதறிவிட்டு மறுபடியும் ஓடிவரும் அணிலின் வேலைமுறை முழுவதும் ஒரே அடியில் அடங்கிவிட்டது. 'சலமிலா' என்றால் வஞ்சனை இல்லாத என்று பொருள். அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் தம்மை நொந்துகொள்கிறார்.

இந்தப் பாசுரத்தில் இராமன் தடவிக் கொடுத்ததும் இல்லை, கோடும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அணிலுக்குப் பரிசு எதுவும் கிடைத்ததாக ஆழ்வார் சொல்லவில்லை.

வடதிசையான்

நான் டெல்லிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்துக்குப் போகும் வழியில் உள்ள பூங்காவில் நூற்றுக்கணக்கான அணில்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு ஐந்து கோடுகள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான், ஒரு தடவைகூட நான் எண்ணிப் பார்த்ததில்லை என்பது உறைக்கிறது. மூன்று என்று முன்பே முடிவுகட்டிவிட்டபடியால் கண் எண்ண மறுத்துவிட்டது போலும். ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துச் சென்று எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பாட்டிகதை

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாட்டி சொன்ன கதையைக் கேட்டு அணிலுக்கு அரிசி போட்ட குழந்தைகள் நாம். அந்தக் கதையை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஓர் இலத்தீன் பெயரைக் கொடுத்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? எல்லாவற்றையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டுமென்றால் இரவில் யாரும் கதை சொல்ல முடியாது.

முன்றில்

கதையை யாரும் பறிக்கவில்லை, அம்மா. கதையைக் கதையாகச் சொல்லுங்கள். "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்ற ஒட்டுச்சீட்டை அதன்மேல் ஒட்டாதீர்கள் என்பதே வேண்டுகோள். உங்கள் கதைக்கு நான் ஒரு துணைக்கதையும் தருகிறேன். திருவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காட்டில் சாம்பல் நிற மலை அணிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. உடல் பெருத்த அந்த அணிலின் முதுகில் ஒரு கோடும் கிடையாது. சேதுப் பணிக்கு அன்று அது வரவில்லை என்று குழந்தையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஏட்டுச்சுவடி

விலங்கும் வழக்கும் கலந்த இன்னொன்று நம் மொழியிலேயே இருக்கிறது. மானம் உள்ளவனை நாம் "கவரிமான் பரம்பரை" என்கிறோம். திரைப்பட வசனத்திலும் மேடைப் பேச்சிலும் அது ஒரு மான். ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிரை விட்டுவிடும் மான் என்று பள்ளியில் படித்த நினைவு எல்லாருக்கும் இருக்கும்.

969-ஆம் குறளை ஒருமுறை எழுத்தெண்ணிப் படியுங்கள்: "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் உயிர்நீப்பர் மானம் வரின்." வள்ளுவர் சொல்வது கவரிமா. அரிமா, பரிமா என்பவற்றைப் போல இங்கும் 'மா' என்பது விலங்கு என்ற பொதுப்பொருளில் வருகிறது. அடுத்த அடியில் வரும் 'மானம்' என்ற சொல்லின் ஓசையும் மக்கள் நாவில் இதை மானாக்க உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். கவரி எந்த விலங்கு என்பதற்குப் புறநானூறே சான்று. 132-ஆம் பாட்டில், நரந்தம்புல்லை மேய்ந்த கவரி குவளைச் சுனையில் நீர் குடித்துவிட்டுத் தகர மரத்து நிழலில் தன் பிணையோடு தங்கும் இடமாக வடதிசை இமயம் சொல்லப்படுகிறது. இமயத்தில் வாழ்வதும், அரசர்க்கும் இறைவர்க்கும் வீசுகின்ற வெண்சாமரத்துக்கு மயிர் தருவதும் யாக் என்று இன்று நாம் அழைக்கும் சடைமாடுதான். அதன் வால் மற்ற மாடுகளின் வாலைப்போல் நுனியில் மட்டும் குஞ்சம் கொண்டதன்று. குதிரைவால்போல் அடிமுதலே நீண்ட மயிர் அடர்ந்தது. சாமரம் என்ற பொருளுக்கே கவரி என்ற பெயர் தமிழில் நிலைத்தது இதனால்தான்.

அதாவது, மெலிந்த கால்களும் மருண்ட விழிகளும் கொண்ட ஒரு மானை நினைத்துக்கொண்டு நாம் பேசிவந்த பரம்பரை, உண்மையில் தரையைத் தொடும் சடையோடு பனியில் நிற்கும் ஒரு மாட்டின் பரம்பரை.

கேள்விக்கொக்கி

ஐயா, கவரிமா சடைமாடு என்பது வரை சரி. ஆனால் இதற்கு அடுத்தபடியாக ஒரு விளக்கம் இணையத்தில் உலவுகிறது: "பனிப்பகுதியில் வாழ்வதால் மயிரை இழந்தால் குளிரில் இறந்துவிடும், வள்ளுவர் அன்றே அறிவியல் சொல்லிவிட்டார்" என்பது அந்த விளக்கம். இதை ஏற்கிறீர்களா? திபெத்திய மேட்டுநிலத்தில் சடைமாடு வளர்ப்போர் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில், அது தானாகவே மயிர் உதிர்க்கும் பருவத்தில், உள்மயிரைச் சீவி எடுத்துத் துணி நெய்கிறார்கள். நீண்ட புறமயிரைக் கயிறு திரிக்கவும் கூடாரத் துணி நெய்யவும் பயன்படுத்துகிறார்கள். மாடு அடுத்த ஆண்டும் அங்கேயே மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

ஏற்கவில்லை. பரிமேலழகர், மயிர்த்திரளில் ஒரு மயிர் நீங்கினாலும் உயிர் வாழாத விலங்கு என்றே உரை எழுதுகிறார். அந்த நம்பிக்கை உரையாசிரியர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதை அது காட்டுகிறது. ஒற்றை மயிருக்கும் குளிருக்கும் தொடர்பு கற்பிக்க முடியாது. புலவன் உவமைக்காக எடுத்துக்கொண்ட நம்பிக்கையை நாம் அறிவியலாக்கத் தேவையில்லை. அதனால் குறளின் பெருமை குறையப் போவதும் இல்லை.

சங்கப் புலவர்கள் இத்தகைய நம்பிக்கைகளை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார்கள் என்பதற்கு அசுணமா எடுத்துக்காட்டு. இன்னிசைக்கு மயங்கி வருவதும் பறையொலி கேட்டால் உயிர் விடுவதுமான விலங்கு அது. வேட்டுவர் முதலில் யாழை இசைத்து அதை வரவழைத்து, பின்பு பறையை அறைந்து கொல்வார்களாம். நற்றிணையில் ஒரு தலைவி, தன் தலைவனின் மார்பு அசுணத்தைக் கொல்பவர் கையைப்போல இன்பமும் துன்பமும் ஒருங்கே உடையது என்கிறாள். யாழை மீட்டியதும் பறையை அறைந்ததும் அதே கைதானே. அசுணம் எந்தக் காட்டில் வாழ்ந்தது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கையைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றியும் ஒரு வரி. நாலடியார் 135-ஆம் வெண்பாவில் அந்தப் பறவைக்கு அன்னம் என்ற பெயர் இல்லை. "நீரொழியப் பாலுண் குருகு" என்றே வருகிறது. எந்தப் பறவையாலும் கலந்த பாலைப் பிரிக்க முடியாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கரிசல்காட்டான்

இலக்கியத்திலிருந்து சற்று அடுப்பங்கரைக்கு வருவோம். நான் தீப்பெட்டி ஆபீஸ் நிறைந்த ஊரில் பிறந்தவன். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பதை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றே சொல்வோம். என் அம்மா கட்டை அடுக்கிய காசில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நாம் கடைகளில் வாங்கும் பெட்டியில் அது குச்சியில் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய பட்டையில் இருக்கிறது. அந்தப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் முதன்மையானவை. உரசும்போது பட்டையிலிருந்து கொஞ்சம் பாஸ்பரஸ் பற்றிக்கொண்டு தலை மருந்தைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் பட்டை தேய்ந்துபோன பெட்டியில் நல்ல குச்சி பத்து இருந்தாலும் விளக்கேற்ற முடிவதில்லை. இவ்விரண்டையும் பிரித்துவைத்ததுதான் பாதுகாப்புத் தீப்பெட்டியின் சூட்சுமம். குச்சியை மெழுகில் தோய்ப்பதும் வீண்வேலை இல்லை. தலையில் எழும் தீ மரத்துக்குத் தாவுவதற்கு அந்த மெழுகுதான் பாலம்.

பழைய குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் தலையிலேயே இருந்தது. சுவரில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அரித்துப் போனது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது அதற்குப் பிறகுதான். மழை குறைந்த எங்கள் வானம் விவசாயத்தைக் கைவிட்டாலும் மருந்து காய்வதற்கு ஏற்றதாக அமைந்துவிட்டது.

"தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் வந்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அது மெய்தான். ஆனால் முழு மெய் இல்லை. ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் 1823-இல் செய்த விளக்கு, துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து ஹைட்ரஜனை உண்டாக்கி, அதைப் பிளாட்டினத்தின்மேல் செலுத்திப் பற்றவைத்தது. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தின் ஜான் வாக்கர் 1826-இல் உருவாக்கினார். எனவே கணக்கு சரி. ஆனால் அந்த லைட்டர் மேசைமேல் வைக்க வேண்டிய கண்ணாடிக் கலம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றதில்லை.

பாட்டிகதை

இந்த இழை எனக்கும் பிடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பங்குக்கு ஒரு கதைமாந்தர். கீரை தின்றதும் கை புடைத்துக்கொள்ளும் கார்ட்டூன் மாலுமி பாப்பாயை எல்லாருக்கும் தெரியும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை எழுதும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார். அளவு பத்து மடங்காகிவிட்டது. அந்தத் தவற்றை நம்பித்தான் பாப்பாய்க்குக் கீரையைக் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்: மருத்துவம் படிக்கும் என் அக்காள் மகள் சொன்னது.

கேள்விக்கொக்கி

அம்மா, தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொன்னது ஒரு கட்டுக்கதையை உடைக்கும் கட்டுக்கதை. பிரிட்டனைச் சேர்ந்த குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் இந்தத் தசமப்புள்ளிக் கதையின் மூலத்தைத் தேடிச் சென்று, அப்படியொரு பிழை நடந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை என்று 2010-இல் எழுதினார். பல்லாண்டுகளாக அறிவியலாளர்களே, "பாருங்கள், ஒரு புள்ளியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்" என்று மாணவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல இந்தக் கதையை எடுத்துக்காட்டி வந்தார்கள். அந்தக் கதையின் மூலத்தை யாரும் கவனிக்கவில்லை.

பாப்பாயை 1929-இல் படைத்தவர் ஈ. சி. சேகர் என்ற அமெரிக்க ஓவியர். 1932-இல் வெளிவந்த ஒரு படக்கதையில் பாப்பாயே தன் வாயால், கீரையில் வைட்டமின் 'ஏ' நிறைந்திருப்பதால்தான் அதை உண்பதாகச் சொல்கிறான். இரும்புச்சத்து அங்கே பேச்சிலேயே இல்லை. கீரை விளையும் ஊரான டெக்சாஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் சிட்டியில் 1937-இல் அவனுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

ஏட்டுச்சுவடி

ஒரு சிறு இடைச்செருகல். தமிழில் எழுதுவோர் பாப்பாய் தின்பதைப் பசலைக்கீரை என்கிறார்கள். கொடியாகப் படர்ந்து, கொழகொழவென்ற சாறுள்ள தடித்த இலை விடும் நம் பசலை வேறு குடும்பத்துச் செடி. பாப்பாயின் டப்பாவில் இருப்பது வடநாட்டில் பாலக் என்று விற்கப்படுவது. பெயர் மாற்றத்தில் நம் வீட்டுக்கொடிக்கும் கொஞ்சம் புகழ் கிடைத்துவிட்டது.

யாழ்முற்றம்

பெயர் என்றதும் எனக்கும் எழுதத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் உட்காருவது கதிரையில். காலில் போடுவது சப்பாத்து. காலையில் சாப்பிடுவது பாண். இந்தியத் தமிழர்கள் இவற்றைக் கேட்டதும், "என்ன அழகான பழந்தமிழ்!" என்று வியப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். என் அம்மம்மாவும் கதிரை சுத்தத் தமிழ் என்றே நம்பியிருந்தார். மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். கதிரை 'கதெய்ரா'விலிருந்தும், சப்பாத்து 'சப்பாத்து' என்றே ஒலிக்கும் சொல்லிலிருந்தும், பாண் 'பாவ்ங்' என்பதிலிருந்தும் வந்தவை. யாழ்ப்பாண அரசை 1619-இல் பிடித்த போர்த்துக்கீசியர் 1658-இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். நாற்பது ஆண்டுகூட நிலைக்காத ஆட்சி. கதிரை இன்றும் விறாந்தையில் இருக்கிறது.

இதனால் எங்கள் தமிழ் கலப்பானது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் பூட்டைத் திறக்கப் பயன்படுத்தும் 'சாவி'யும் அதே போர்த்துக்கீசியர் கொடுத்ததுதான். நாங்கள் அதைத் திறப்பு என்கிறோம். நீங்கள் நாற்காலியைக் காப்பாற்றி வைத்தீர்கள். நாங்கள் திறப்பைக் காப்பாற்றி வைத்தோம். யன்னலையும் அலுமாரியையும் இரு கரையிலும் சேர்ந்தே பறிகொடுத்தோம்.

கரிசல்காட்டான்

அருமை, அக்கா. எங்கள் ஊரில் நான்கு கால் இல்லாமல் சக்கரத்தில் உருளுவதற்கும் நாற்காலி என்றுதான் பெயர்.

முடிப்பதற்குள் ஒரு கேள்வி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதைப் பற்றி இங்கே யாராவது சொல்லுங்கள். எங்கள் குடும்பக் குழுவில் வாரம் ஒருமுறை வருகிறது.

முன்றில்

விழும். காலையிலோ மாலையிலோ திருச்சுற்றில் நின்றால் நீண்டு கிடக்கும் நிழலைக் கண்ணால் காணலாம். அதில் ஒதுங்கி உட்கார்ந்தவர்களும் ஏராளம். நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கலாம். 1010-இல் நிறைவடைந்த அந்த விமானம் அடியில் அகன்று மேலே குறுகிச் செல்வது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருப்பதால், கோடையில் நண்பகல் வெயில் தலைக்கு மேலே நெருங்கி நிற்கும்போது நிழல் சுருங்கி விமானத்தின் அடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஏப்ரல் பிற்பாதியில் ஒரு நாளும் ஆகஸ்ட் பிற்பாதியில் ஒரு நாளும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. அந்த நண்பகலில் பெரிய கோயிலுக்கு மட்டுமா, எதிரே நிற்கும் மின்கம்பத்துக்கும் நிழல் கிடையாது. விமானத்தைக் கட்டியவர்களின் திறமையைச் சொல்ல அந்தக் கல்லும் அதன் உயரமும் போதும். இல்லாத மாயத்தை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

வடதிசையான்

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். எண்ணுவது எளிதாக இல்லை. மேலிருந்து பார்த்தால் மூன்றுதான் தெரிகிறது. வேப்பமரத்தில் பக்கவாட்டாக ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் மற்ற இரண்டையும் கண்டோம். நடுவிலுள்ள மூன்றும் முதுகு நெடுகிலும் ஓடுகின்றன. விலாவிலுள்ள இரண்டும் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றன, நிறமும் சற்று மங்கல். ஏழு அணில்களைப் பார்த்தோம், ஏழுக்கும் ஐந்து.

மகனிடம் பாட்டி சொன்ன கதையையும் சொன்னேன், ஆழ்வார் பாசுரத்தையும் சொன்னேன், இரண்டு இனங்கள் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரிலே மூன்று விரலால் தடவினார், இங்கே வந்தபோது முழுக் கையாலும் தடவிவிட்டார்" என்றான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டிகதை அவர்களுக்கு இதைத் தெரிவித்துவிடுங்கள்.

பாட்டிகதை

தெரிந்துகொண்டேன், தம்பி. பையனுக்கு என் பங்கு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அதில் ஒரு துண்டு அணிலுக்கு.